சங்காராவின் 1984

ஆப்பிரிக்காவின் சே குவேரா என்று போற்றப்படும் தாமஸ் சங்காராவைப் பற்றிச் சமூக ஊடகங்களில் பரவும் கதைகளில் பெரும்பாலானவை உண்மை. ஆட்சிக்கு வந்ததும் அரசின் மெர்சிடிஸ் கார்களை விற்றார். அமைச்சர்கள் ரெனோ 5 என்ற சிறிய காரில்தான் போக வேண்டும் என்றார். அரசு அலுவலகங்களில் தன் படத்தை மாட்டுவதை விரும்பவில்லை. தோழனின் ஆட்களாலேயே 37 வயதில் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்தக் கதைகளை மட்டும் கேட்பவர்களுக்கு ஒரு புனிதர் கிடைப்பார். நாலே ஆண்டுகள் ஆண்டு, ஒரு நாட்டைக் குலுக்கி எடுத்து, அதன் நன்மையையும் தீமையையும் விட்டுச் சென்ற அரசியல் தலைவர் கிடைக்கமாட்டார். அவருடைய தலைமைப் பண்பை எடைபோட 1984ஆம் ஆண்டை ஒருமுறை முழுதாகப் பார்த்தாலே போதும். அவரிடம் நாம் போற்ற வேண்டியதும் அஞ்ச வேண்டியதும் அந்த ஓராண்டுக்குள்ளேயே இருக்கின்றன. இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்பதுதான் என்னைத் தொடர்ந்து உறுத்துகிறது.

அவர் கைக்கு வந்த நாடு எப்படி இருந்தது? பிரெஞ்சுக்காரர்கள் அப்பர் வோல்டா என்று பெயரிட்டு, 1960இல் விடுதலை கொடுத்துவிட்டுப் போன வறண்ட நிலம். கடல் கிடையாது. 70 லட்சம் மக்களில் 60 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விவசாயிகள். பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 180 இறந்துவிடும். சராசரி ஆயுள் 40. ஐம்பதாயிரம் பேருக்கு ஒரு மருத்துவர். பள்ளி வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 16 பேர்தான் பள்ளிக்கூடத்தைப் பார்த்தவர்கள். இந்தக் கணக்கை ஐ.நா. பொதுச் சபையில் உலகத்தின் முன்னால் படித்துக் காட்டியவர் சங்காராவேதான். தன் நாட்டின் வறுமையை மறைக்காமலும், அதைக் காட்டி இரக்கம் கேட்காமலும் பேசினார்.

1949இல் யாகோ என்ற ஊரில் ஒரு காவல் படை வீரரின் மகனாகப் பிறந்தவர். ராணுவ அதிகாரிப் பயிற்சிக்காக மடகாஸ்கர் சென்றபோது, 1972இல் அங்கே மாணவர்களும் உழைப்பாளிகளும் வீதிக்கு வந்து ஓர் ஆட்சியைக் கவிழ்த்ததை நேரில் கண்டார். ராணுவம் செய்யும் கவிழ்ப்புக்கும் மக்கள் செய்யும் கவிழ்ப்புக்கும் உள்ள வேறுபாடு இளம் வயதிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. 1974இல் மாலியோடு நடந்த எல்லைச் சண்டையில் பெயர் வாங்கினார். நாட்டின் தென் எல்லையில் உள்ள போ நகரில் கமாண்டோ பயிற்சி மையத்தின் பொறுப்பை ஏற்றார். ஓய்வு நேரத்தில் ஓர் இசைக்குழுவில் கிட்டார் வாசித்தார். 1981இல் ராணுவ அரசு அவரைத் தகவல் துறைக்குப் பொறுப்பாக்கியபோது, முதல் அமைச்சரவைக் கூட்டத்துக்குச் சைக்கிளில் போனார். மக்களின் வாயை அடைக்கிற அரசில் தனக்கு வேலையில்லை என்று சொல்லி அடுத்த ஆண்டு ஏப்ரலில் பதவியைத் தூக்கி எறிந்தார். அந்தப் பதவி விலகலை மறந்துவிடாமல் இருப்பது நல்லது.

1983 ஜனவரியில் பிரதமரானார். மார்ச்சில் புதுதில்லியில் நடந்த அணிசேரா நாடுகள் உச்சி மாநாட்டுக்கு வந்தார்; ஃபிடல் காஸ்ட்ரோவை அங்கே சந்தித்தார். ஊர் திரும்பிச் சுமார் இரண்டு மாதத்தில், மே 17 அன்று, கைது செய்யப்பட்டார். தலைநகர் வாகடூகுவின் இளைஞர்கள் தெருவில் இறங்கினார்கள். ஆகஸ்ட் 4 அன்று அவருடைய நெருங்கிய தோழர் பிளேஸ் கொம்பாவோரே, போ நகரிலிருந்து கமாண்டோ படையோடு வந்து தலைநகரைப் பிடித்தார். 33 வயதில் சங்காரா நாட்டின் தலைவரானார்.

இனி 1984.

அந்த ஆண்டு மார்ச்சில் பள்ளி ஆசிரியர் சங்கத்தின் தலைவர்கள் சிலர் கைது செய்யப்பட்டார்கள். அதைக் கண்டித்து ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இரண்டு நாள் வேலைநிறுத்தம்தான். அதற்குச் சங்காரா அரசு கொடுத்த பதில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களை ஒரே உத்தரவில் வேலையை விட்டு நீக்கியது. அந்த இடங்களுக்குக் குறுகிய காலப் பயிற்சி மட்டும் பெற்ற இளைஞர்கள் ‘புரட்சி ஆசிரியர்கள்’ என்று அனுப்பப்பட்டார்கள். நூற்றுக்கு 16 பிள்ளைகள் மட்டுமே பள்ளி செல்லும் நாட்டில் ஒரே நாளில் இத்தனை ஆசிரியர்களை இழப்பது என்றால் என்னவென்று யோசித்துப் பாருங்கள். அந்தச் சங்கத்துக்கு எதிர்க்கட்சியோடு தொடர்பு இருந்தது. ஆட்சியைக் கவிழ்க்க அந்தப் போராட்டம் பயன்படும் என்ற அச்சம் அரசுக்கு இருந்தது. அந்தக் கட்சியின் தலைவர் ஜோசப் கி-ஸெர்போ. ஆப்பிரிக்க வரலாற்றை ஆப்பிரிக்கர்களின் கண்ணால் எழுதிய முன்னோடி வரலாற்றாசிரியர் அவர். சங்காராவின் ஆட்சிக் காலத்தில் அவர் வெளிநாட்டில் வாழ நேர்ந்தது. காலனிய மனப்பான்மையிலிருந்து விடுபட வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசிய தலைவரின் நாட்டில், அதையே வாழ்நாள் பணியாகச் செய்த அறிஞருக்கு இடமில்லாமல் போனது.

ஜூனில் அரசைக் கவிழ்க்கச் சதி செய்ததாகக் குற்றம் சாட்டி ஏழு பேரைச் சுட்டுக் கொன்றார்கள். வெளிப்படையான விசாரணை எதுவும் இல்லை. ஆகஸ்டில், ஆட்சியின் முதலாண்டு நிறைவில், நாட்டின் பெயர் புர்க்கினா பாசோ என்று மாறியது. புதிய தேசிய கீதத்தைச் சங்காராவே எழுதினார். நிலமெல்லாம் அரசுடைமை ஆனது. கூட்டணியில் இருந்த இடதுசாரிக் கட்சி ஒன்று அதே மாதத்தில் ஆட்சியிலிருந்து வெளியேற்றப்பட்டது.

செப்டம்பர் 22 அன்று ஆண்கள் சந்தைக்குப் போய்க் காய்கறி வாங்கி வந்து சமைக்க வேண்டும் என்று ஒரு நாள் அறிவிக்கப்பட்டது. வீட்டுச் செலவும் வீட்டு வேலையும் எப்படி இருக்கும் என்று அவர்களுக்கும் தெரியட்டும் என்பது நோக்கம். பலரும் இதை வேடிக்கையாகப் பார்த்தார்கள். ஆனால் பெண்கள் விஷயத்தில் சங்காராவின் அக்கறை ஒருநாள் கூத்து அல்ல. பெண்ணுறுப்புச் சிதைப்பையும் கட்டாயத் திருமணத்தையும் எதிர்த்தார். அமைச்சரவையிலும் ராணுவத்திலும் பெண்களுக்கு இடம் கொடுத்தார். அப்போதைய ஆப்பிரிக்க அரசுத் தலைவர்களில் பெண் விடுதலையை ஆட்சியின் மையப் பிரச்சினையாக இவ்வளவு அழுத்தமாகப் பேசியவர் வேறு யாரையும் என்னால் சொல்ல முடியவில்லை.

நவம்பரில் நடந்ததுதான் அந்த ஆண்டின் சிகரம். தட்டம்மை, மஞ்சள் காய்ச்சல், மூளைக் காய்ச்சல் ஆகிய மூன்றுக்கும் எதிராக நாட்டின் குழந்தைகள் அனைவருக்கும் தடுப்பூசி போட வேண்டும். அதுவும் சில வாரங்களில் முடித்துவிட வேண்டும் என்று அரசு முடிவு செய்தது. இவ்வளவு குறுகிய காலத்தில் முடியாது, கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யலாம் என்பதுதான் வெளிநாட்டு நிபுணர்களின் ஆலோசனை. சங்காரா கேட்கவில்லை. குளிர்பதன வசதி இல்லாத கிராமங்கள், சாலை இல்லாத ஊர்கள். ராணுவ வண்டிகளும் மாணவர்களும் ஊர்க் குழுக்களும் ஒன்றாக இறக்கிவிடப்பட்டன. ஏறத்தாழ 25 லட்சம் குழந்தைகளுக்கு இரண்டே வாரங்களில் ஊசி போடப்பட்டது. அண்டை நாடுகளின் எல்லையோரக் கிராமங்களிலிருந்தும் தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆண்டுதோறும் வந்து பிள்ளைகளை வாரிக்கொண்டு போகும் தட்டம்மைக் கொள்ளை அடுத்த ஆண்டு தலைகாட்டவில்லை. உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று, யாரும் நம்பாத ஒன்றைச் செய்து முடித்தது.

இந்த நவம்பரையும் அந்த மார்ச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குழந்தைகளை ஊசிக்கு வரிசையில் நிறுத்தியது யார்? ஒவ்வொரு ஊரிலும் பேட்டையிலும் அமைக்கப்பட்டிருந்த புரட்சிப் பாதுகாப்புக் குழுக்கள். இரவில் துப்பாக்கியோடு சாலைகளை மறித்து, போகிறவர் வருகிறவர்களை மிரட்டியதும், பிடிக்காதவர்களை எதிர்ப்புரட்சிக்காரர் என்று காட்டிக் கொடுத்ததும் யார்? அதே குழுக்கள்தான். ‘முடியாது’ என்ற சொல்லை ஏற்க மறுத்த பிடிவாதம்தான் 25 லட்சம் குழந்தைகளைக் காத்தது. ‘வேண்டாம்’ என்று சங்கமாகக் கூடிச் சொன்ன ஆசிரியர்களை வீட்டுக்கு அனுப்பியதும் அந்தப் பிடிவாதம்தான். இயற்கையும் வறுமையும் போடும் தடைக்கும், மனிதர்கள் யோசித்துச் சொல்லும் மறுப்புக்கும் வேறுபாடு உண்டு என்பதை அந்த இளம் தலைவர் பார்க்கத் தவறினார். இரண்டையும் ஒரே மாதிரி உடைக்கப் பார்த்தார்.

அவர் பிறரிடம் கேட்டதை முதலில் தன்னிடம் கேட்டார் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அரசு ஊழியர்களின் சம்பளத்தில் 5 முதல் 12 சதவீதம் வரை வளர்ச்சிப் பணிக்கென்று பிடிக்கப்பட்டது; மேல்மட்ட அதிகாரிகளிடம் இன்னும் அதிகம் கேட்டார்கள். அவருடைய சொந்தச் சம்பளம் மாதம் சுமார் 450 டாலர். 1987இல் ஊழல் தடுப்பு ஆணையம் அமைத்தபோது, முதல் ஆளாகப் போய்ச் சொத்துக் கணக்கைச் சொன்னவர் அவர். ஒரு கார், நான்கு சைக்கிள்கள், மூன்று கிட்டார்கள், ஒரு குளிர்பதனப் பெட்டி, பழுதான ஓர் உறைபதனப் பெட்டி என்று அந்தப் பட்டியல் இன்றும் நினைவுகூரப்படுகிறது. உள்ளூர்ப் பருத்தியில் நெய்த பாசோ தன் பானி துணியை அரசு ஊழியர்கள் உடுத்த வேண்டும் என்றார். உலக மேடைகளில் தானும் அதையே உடுத்தினார். தலைநகரிலிருந்து காயா நகர் வரை சுமார் 100 கிலோமீட்டர் ரயில் பாதை போட உலக வங்கி பணம் தர மறுத்தபோது, தண்டவாளத்தை மக்களே சுமந்து போட்டார்கள். அதிகாரிகளும் முறைவைத்து வந்து வேலை செய்தார்கள். ஒன்றேகால் ஆண்டில் ஒரு கோடி மரக்கன்றுகள் நடப்பட்டன. திருமணம், பெயர்சூட்டல் என்று எந்த விசேஷமானாலும் மரம் நட வேண்டும் என்று வழக்கமாக்கினார்கள். 80களின் சகேல் வறட்சியில் பாலைவனம் தெற்கே நகர்வதைக் கண்ணால் பார்த்த மக்களுக்கு அந்த வேலையின் அருமை தெரிந்திருந்தது.

ஆனால் முன்மாதிரியாக வாழும் தலைவருக்கு ஓர் ஆபத்து உண்டு. என்னால் முடிகிறதே, உன்னால் ஏன் முடியாது என்ற கேள்வி மனதில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கொள்கைக்காகச் சைக்கிளில் போகிறவருக்கு, ஐந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு சம்பளத்தில் பிடித்தம் கொடுக்கும் குமாஸ்தாவின் முணுமுணுப்பு சுயநலமாகத்தான் படும். 1985 முழுவதும் வீட்டு வாடகையே வசூலிக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். வாடகைக்குக் குடியிருந்தவர்கள் மகிழ்ந்தார்கள். ஓர் அறையை வாடகைக்கு விட்டு அதில் பிழைத்த சிறு வீட்டுக்காரரும் அந்த உத்தரவுக்குள் வந்தார். மக்கள் புரட்சி நீதிமன்றங்களில் வழக்கறிஞர்களுக்கு இடமில்லை. விசாரணை வானொலியில் ஒலிபரப்பானது. முன்னாள் ஆட்சியாளர்கள் கூண்டில் நின்று பதில் சொல்வதை நாடே கேட்டது. முன்னாள் அதிபர் லமிசானாவை அந்த நீதிமன்றமே குற்றமற்றவர் என்று விடுவித்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் வாதாட ஆளில்லாமல் நிற்கும் மனிதனுக்கு நீதி கிடைப்பது நீதிபதியின் மனநிலையைப் பொறுத்தது. 1982இல் வாயடைப்பு அரசை விட்டு விலகியவர், கட்சிகள் இல்லாத, சங்கத் தலைவர்கள் சிறையில் இருக்கும், சுதந்திரப் பத்திரிகை முடங்கிப்போன ஒரு நாட்டின் தலைவராகியிருந்தார்.

 

1987 ஜூலையில் அடிஸ் அபாபாவில் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் மாநாட்டில் அவர் ஆற்றிய உரை இன்றைக்கும் கேட்கப்படுகிறது. ஆப்பிரிக்காவின் வெளிநாட்டுக் கடன் காலனி ஆதிக்கத்தின் தொடர்ச்சி, அதைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை என்று வாதிட்டார். அரங்கு சிரித்தது, கைதட்டியது. ஆனால் அந்த உரையின் அரசியல் நுட்பம் வேறொன்றில் இருக்கிறது. எல்லா நாடுகளும் சேர்ந்து மறுக்க வேண்டும், புர்க்கினா மட்டும் தனியாக மறுத்தால் அடுத்த மாநாட்டுக்கு நான் இருக்கமாட்டேன் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். தனித்து நிற்பவன் விழுவான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. உலக அரங்கில் ஒற்றுமையின் தேவையை இவ்வளவு துல்லியமாகக் கண்டவர், சொந்த ஊரில் தன்னைத் தனியாளாக்கிக்கொண்டே வந்தார். அந்த ஜூலையில் அவரோடு ஆசிரியர்கள் இல்லை, தொழிற்சங்கங்கள் இல்லை, பழைய இடதுசாரிக் கூட்டாளிகள் இல்லை, சலுகைகளை இழந்த மோஸி இனக் குலத் தலைவர்கள் இல்லை. ராணுவத்துக்குள்ளேயே பிளவு வந்துவிட்டது.

அக்டோபர் 15 வியாழக்கிழமை. அரசு ஊழியர்களுக்கு வியாழன் மாலை உடற்பயிற்சி நேரம் என்பதால் விளையாட்டு உடையிலேயே கூட்டத்துக்கு வந்திருந்தார். சுட்டவர்கள் கொம்பாவோரேயின் ஆட்கள். அவரோடு பன்னிரண்டு பேர் இறந்தார்கள். இரவோடிரவாகத் தலைநகரின் ஓரத்தில் ஓர் இடுகாட்டில் புதைத்தார்கள். இயற்கை மரணம் என்று சான்றிதழ் எழுதினார்கள்.

அடுத்தடுத்த நாட்களில் ஆயிரக்கணக்கானோர் அந்தப் புதைமேட்டுக்கு வந்து அழுதார்கள். ஆனால் நாடு எழவில்லை. 1983 மே மாதத்தில் பிரதமர் சங்காராவுக்காகத் தெருவில் இறங்கிய வாகடூகு, அவர் கொல்லப்பட்டபோது வீட்டுக்குள் இருந்து கண்ணீர் விட்டது. குதுகு நகரில் ஒரு ராணுவப் பிரிவு மட்டும் எதிர்த்தது. அதையும் சில நாட்களில் நசுக்கிவிட்டார்கள். வெளிநாட்டுச் சதி பற்றிப் பேசுகிறவர்கள் இந்த மௌனத்துக்குப் பதில் சொல்வதில்லை. பிரான்ஸுக்கும் அண்டை நாட்டு ஆட்சியாளர்களுக்கும் அவரைப் பிடிக்கவில்லை என்பது உண்மை. அவர்கள் பங்கு முழுதாக விசாரிக்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒரு தலைவரைக் காக்க மக்களைத் தெருவுக்கு அழைத்து வரக்கூடியவை சங்கங்களும் கட்சிகளும் பத்திரிகைகளும்தான். அவற்றை ஒடுக்கிய இடத்தில் மிஞ்சியது துப்பாக்கி வைத்திருந்த குழுக்கள் மட்டுமே. மேலிருந்து உத்தரவு வந்தால் நகரும் குழுக்களுக்கு, உத்தரவு போடுகிறவர் இல்லாத நாளில் என்ன செய்வதென்று தெரியவில்லை.

இதோடு நிறுத்திவிட்டால் சங்காராவுக்கு அநீதி செய்தவனாவேன். அவர் கடைசி காலத்தில் மாறிக்கொண்டிருந்தார். 1986இலேயே பாதுகாப்புக் குழுக்களின் முதல் தேசிய மாநாட்டில், அவர்களுடைய அடாவடிகளை அவர்கள் முகத்துக்கு நேரே பட்டியலிட்டுக் கண்டித்தார். 1987இல் நீக்கப்பட்ட ஆசிரியர்களைத் திரும்ப வேலைக்கு எடுக்கும் முயற்சி தொடங்கியது. கொல்லப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பு போபோ-டியுலாசோவில் பேசியபோது, மக்களை விட்டுவிட்டு வேகமாக முன்னே போவதைவிட அவர்களோடு சேர்ந்து மெதுவாகப் போவதே மேல், கட்டாயப்படுத்துவதைவிட இணங்க வைப்பதே வழி என்ற பொருளில் பேசினார். கொம்பாவோரே சதி செய்கிறார், முந்திக்கொள்ளுங்கள் என்று நெருங்கியவர்கள் எச்சரித்தும் தோழன்மீது கைவைக்க மறுத்தார் என்று அவரோடு இருந்தவர்கள் கூறியிருக்கிறார்கள்.

அதிகாரத்தின் உச்சியில், யாரும் வற்புறுத்தாதபோது, தன் வழியைத் திருத்திக்கொள்ள முயன்ற புரட்சித் தலைவர்கள் வெகு சிலரே. என் கணிப்பில் சங்காராவின் தலைமைப் பண்புகளில் முதலிடம் இதற்குத்தான். காருக்கும் கிட்டாருக்கும் பிறகுதான் மற்றவர்கள் இதைப் பேசுகிறார்கள், பேசினால். அந்தத் திருத்தம் கனிவதற்குக் காலம் கிடைக்காமல் போனதுதான் அந்த நாட்டுக்கு நேர்ந்த பெரிய இழப்பு. அவரைக் கொன்றவரோ ‘திருத்தம்’ என்ற பெயரிலேயே ஆட்சியைத் தொடங்கி 27 ஆண்டுகள் நாற்காலியை விடவில்லை.

2014 அக்டோபரில் கொம்பாவோரேயை விரட்டிய இளைஞர்களில் பலர் சங்காரா இறந்த பிறகு பிறந்தவர்கள். அவருடைய படத்தை ஏந்திக்கொண்டுதான் வந்தார்கள். ‘குடிமக்களின் துடைப்பம்’ என்ற இயக்கம் அவர்களை ஒன்றுதிரட்டியது. 2022 ஏப்ரல் 6 அன்று ராணுவ நீதிமன்றம், சங்காரா கொலை வழக்கில், நாட்டில் இல்லாத கொம்பாவோரேக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 34 ஆண்டுகள் கழித்து வந்தாலும் அது பெரிய விஷயம்.

அதே ஆண்டு செப்டம்பரில், சங்காராவைப் போலவே ராணுவக் கேப்டனான இன்னொருவர் ஆட்சியைப் பிடித்தார். இப்ராகிம் த்ராவோரேக்கு அப்போது வயது 34. தலையில் சங்காராவைப் போன்ற சிவப்பு பெரே தொப்பி, பேச்சில் சங்காராவைப் போன்ற ஏகாதிபத்திய எதிர்ப்பு. பயங்கரவாதக் குழுக்கள் நாட்டின் பெரும் பகுதியை நடுங்க வைத்திருக்கும் நேரத்தில் ஓர் உறுதியான தலைவரை மக்கள் தேடுவது புரிகிறது. ஆனால் அவருடைய ஆட்சியில் விமர்சகர்களையும் செய்தியாளர்களையும், ஏன், நீதித் துறையைச் சேர்ந்தவர்களையும்கூடப் பிடித்துக் கட்டாயமாகப் போர்முனைக்கு அனுப்பும் உத்தரவுகள் வருகின்றன. கொம்பாவோரேயை விரட்டிய அந்தத் துடைப்ப இயக்கத்தின் நிறுவனர்களில் ஒருவரான வழக்கறிஞர் கீ எர்வே காம் 2024 ஜனவரியில் பிடித்துச் செல்லப்பட்டார். 2025 மார்ச்சில் நாட்டின் செய்தியாளர் சங்கத் தலைவர் கைது செய்யப்பட்டு, சிப்பாய் உடையில் காட்டப்பட்டார்.

த்ராவோரேயைப் புதிய சங்காரா என்று கொண்டாடுகிறவர்கள் ஒன்றை நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். அவர் எடுத்துக்கொண்டிருப்பது எந்தச் சங்காராவை? ஆசிரியர்களை நீக்கியவரையா, திரும்ப அழைக்கத் தொடங்கியவரையா? இதுவரை அவர் செய்கையில் தெரிவது முதலாமவர்தான். இரண்டாமவரின் பெயரைச் சொல்ல விரும்பினால், போர்முனைக்கு அனுப்பப்பட்ட செய்தியாளர்களையும் நீதித் துறையினரையும் அவரவர் வேலைக்குத் திருப்பி அனுப்புவதிலிருந்து அவர் தொடங்கலாம். அதற்கு உலக வங்கியின் பணமோ பாரிஸின் அனுமதியோ தேவையில்லை.